ஜெட்ரானிக் சென்சாரில் எங்கே, எவ்வளவு கை வைக்கலாம்?

முதல் தலைமுறை எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் பெட்டிகள், அதாவது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், சென்சார் சொன்னதை அப்படியே நம்பும். 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் வந்த பாஷ் டி-ஜெட்ரானிக்கும், எழுபதுகளின் நடுவில் அதற்கு அடுத்து வந்த எல்-ஜெட்ரானிக்கின் ஆரம்ப வடிவங்களும் எக்ஸாஸ்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆக்சிஜன் சென்சார் கிடையாது. தவறைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகமும் கிடையாது. எஞ்சின் 60 டிகிரியில் இருக்கிறது என்று சென்சார் சொன்னால் பெட்டியைப் பொறுத்தவரை அது 60 டிகிரிதான். இந்த வண்டிகளில் மிக்ஸ்சரை (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை) மாற்ற நாம் செய்யும் எல்லா வேலைக்கும் அடிப்படை இதுதான்: பெட்டியைத் தொடாமல், அதன் காதில் விழும் சேதியை மாற்றுகிறோம்.

அப்படி மாற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. எஞ்சினின் சூட்டை அளக்கும் தண்ணீர் சென்சாரில் ரெசிஸ்டர் போடலாம், ஏர்ஃப்ளோ மீட்டரின் ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம், மேனிஃபோல்ட் பிரஷர் சென்சாரின் திருகைத் திருப்பலாம், எரிபொருள் அழுத்தத்தை ஏற்றலாம். எல்லாமே மிக்ஸ்சரை ரிச் (பெட்ரோல் கூடியது) ஆக்கும் என்பதால் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒவ்வொன்றும் வேறு இடத்தில், வேறு அளவில் வேலை செய்யும். ஐட்லிங்கில் மட்டும் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கும் எஞ்சினுக்கு எல்லா இடத்திலும் ரிச் ஆக்கும் வைத்தியம் செய்தால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் கொட்டும். குளிரில் திணறும் வண்டிக்குத் தொடராக ரெசிஸ்டர் போட்டால் குளிரில் ஒன்றும் மாறாது, சூடான பிறகு புகை தள்ளும்.

ஆகவே முதலில் வேண்டியது ஒரு சின்ன அட்டவணை. குளிர்ந்த எஞ்சின், சூடான எஞ்சின் என்று இரண்டு வரிசை. ஐட்லிங், ஒரே வேகத்தில் ஓட்டம், முழு த்ராட்டில் என்று மூன்று நிரல். எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜனை வைத்து மிக்ஸ்சரை அளக்க நாமே பொருத்தும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஆறு கட்டங்களிலும் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் எந்த வழி என்ற கேள்விக்கே இடம்.

வைட்பேண்ட் பொருத்துவது

எக்ஸாஸ்ட் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்குப் பின்னால், சைலன்ஸருக்கு முன்னால், எம் 18 × 1.5 மரையுள்ள போல்ட் இருக்கையை வெல்டிங் செய்ய வேண்டும். சென்சாரின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த குழாயில் சேரும் தண்ணீர், சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும். எஞ்சின் ஓடும்போது சென்சாரின் ஹீட்டருக்கு மின்சாரம் இல்லாமல் விட்டாலும் கரி படிந்து கெட்டுவிடும். மீட்டர் வேண்டாத நாட்களில் சென்சாரைக் கழற்றி ஓட்டையை அடைப்பான் போட்டு மூடுங்கள்.

மீட்டரை லாம்டா அளவில் வையுங்கள். லாம்டா 1 என்றால் பெட்ரோல் முழுதும் எரியச் சரியாகத் தேவைப்படும் காற்று. அதற்குக் கீழே ரிச், மேலே லீன். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் 14.7 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று) என்ற பழைய எண் குழப்பும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால், 10 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 14.1. அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ஆனால் மீட்டர் உள்ளுக்குள் லாம்டாவை அளந்து 14.7-ஆல் பெருக்கிக் காட்டுவதால், எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் லாம்டா 1-க்கு 14.7 என்றே காட்டும். லாம்டாவிலேயே பேசினால் இந்தத் தொல்லை இல்லை. இந்தப் பழைய எஞ்சின்களுக்கு ஐட்லிங்கில் 0.90 முதல் 0.95, சமவேக ஓட்டத்தில் 0.96 முதல் 1.0, முழு த்ராட்டிலில் 0.86 முதல் 0.88 என்பது பாதுகாப்பான இலக்கு. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு முழு லோடில் ரிச் பக்கமே இருப்பது நல்லது. உபரி பெட்ரோல் சிலிண்டர் ஹெட்டின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

ஒரு பொறி இங்கே உண்டு. பிளக் ஒன்று மிஸ் ஆனால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். மீட்டர் லீன் என்று காட்டும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒழுகினாலும் வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு அதேதான். லீன் என்று நம்பி பெட்ரோலை ஏற்ற ஏற்ற மிஸ்ஃபயர் அதிகமாகும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். ஐட்லிங்கில் எண் நிலையாக நிற்காமல் துள்ளினால் முதலில் பிளக், வயர், வால்வ் இடைவெளி, இக்னிஷன் டைமிங் பாருங்கள். சென்சாரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

காற்று ஒழுகல்: இரண்டு சிஸ்டமும் இரண்டு விதம்

டி-ஜெட்ரானிக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கிறது. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே போனால் அழுத்தம் ஏறும், பெட்டி பெட்ரோலைக் கூட்டும், ஐட்லிங் வேகம் தானாக ஏறிவிடும். மிக்ஸ்சர் பெரிதாகக் கெடாது. எல்-ஜெட்ரானிக்கிலோ காற்று ஏர்ஃப்ளோ மீட்டரின் மடல் வழியாகப் போனால்தான் கணக்கு. மடலுக்குப் பின்னால் நுழையும் காற்று கணக்கில் வராது, எஞ்சின் லீன் ஆகும். கிராங்க்கேஸின் காற்றோட்டக் குழாய் மேனிஃபோல்டோடு இணைந்திருப்பதால் ஆயில் மூடி, ஆயில் அளவுக்கோலின் வாய் வளையம், வால்வ் கவர் கேஸ்கெட் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். எளிய சோதனை: ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறங்கள். எல்-ஜெட்ரானிக் எஞ்சின் உடனே தடுமாற வேண்டும், சிலது நின்றே போகும். ஒன்றுமே நடக்காவிட்டால் வேறு எங்கோ ஏற்கெனவே பெரிய ஒழுகல் இருக்கிறது. அதை அடைக்காமல் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால், நாளை அந்த ஹோஸை யாரோ மாற்றும்போது எஞ்சின் பெட்ரோலில் குளிக்கும்.

எரிபொருள் அழுத்தம்

இது சென்சார் அல்ல. ஆனாலும் சென்சாரில் கை வைக்கும் முன் இதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். டி-ஜெட்ரானிக்கின் ரெகுலேட்டர் பெரும்பாலும் 2.0 பார் அளவில் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தித் திருகினால் அழுத்தம் மாறும். எல்-ஜெட்ரானிக்கில் 2.5 அல்லது 3.0 பார், அதன் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்கம் ஹோஸ் வரும், பொதுவாகத் திருகும் வசதி இல்லை.

இன்ஜெக்டர் வழியே போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எத்தனாலுக்காக 4 சதவீதம் கூட்ட வேண்டுமென்றால் அழுத்தத்தை 1.04-இன் வர்க்கத்தால், அதாவது 1.08-ஆல் பெருக்கினால் போதும்: 2.0 பார் 2.16 ஆகும். 10 சதவீதம் வேண்டுமென்றால் 2.42. இந்த வழி ஐட்லிங், ஓட்டம், முழு த்ராட்டில், குளிர், சூடு என்று எல்லாக் கட்டத்தையும் ஒரே விகிதத்தில் தூக்கும். ஆறு கட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு லீனாக இருந்தால் வேறெதையும் தொடாதீர்கள், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரின் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்து அழுத்தம் 1.8-க்கு இறங்கியிருந்தால் அதுவே 5 சதவீதம் லீன் ஆக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். பிரஷர் கேஜ் இல்லாமல் சென்சாரில் ரெசிஸ்டர் போட்டவர்கள் பலர் உண்மையில் மறைத்தது இந்தக் குறையைத்தான்.

தண்ணீர் சென்சாரும் ரெசிஸ்டரும்

வெப்பம் ஏற ஏற ஓம் குறையும் வகைத் தெர்மிஸ்டர் இது. காற்றால் குளிரும் எஞ்சினில் இதுவே சிலிண்டர் ஹெட்டில் இருக்கும். பாஷ் சிஸ்டம் உள்ள வண்டிகளில் மிகப் பரவலாக இருக்கும் வளைவு இது: 0 டிகிரி செல்சியஸில் சுமார் 5,900 ஓம், 20-இல் 2,500, 40-இல் 1,175, 60-இல் 596, 80-இல் 323, 100-இல் 187. சில ஹெட் சென்சார்களுக்கு வேறு வளைவு உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு.

புதுச் சென்சார் வாங்கினாலும் அளந்து பார்க்காமல் போடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் ஐஸ் கலந்த தண்ணீர், அடுத்து அறை வெப்பத் தண்ணீர், கடைசியில் கொதிக்கும் தண்ணீர். சென்சாரின் பித்தளைப் பகுதி முழுதும் முங்க வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. பக்கத்திலேயே தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள், ஏனென்றால் உயரமான ஊரில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். மூன்று இடத்திலும் எண் பொருந்தினால் சென்சார் சரி. ஒரே மரை, ஒரே பிளக், ஆனால் வேறு வளைவுள்ள சென்சார்கள் விற்பனையில் உண்டு. 20 டிகிரியில் மட்டும் அளந்தால் பிடிபடாது.

சென்சார் சரியென்றால், அடுத்து பெட்டியின் கனெக்டர் பக்கத்தில் அளங்கள். டி-ஜெட்ரானிக்கின் 25 பின் கனெக்டரில் மல்டிமீட்டரின் முனையைப் பெண் டெர்மினலுக்குள் குத்தக் கூடாது. உள்ளிருக்கும் செப்புத் தகடு விரிந்துவிட்டால் பிறகு அந்தப் பின்னில் நிரந்தரமாகத் தொடர்பு விட்டுவிட்டு வரும். சென்சாரின் கோளாறுக்கும் தொடர்பின் கோளாறுக்கும் வேறுபாடு தெரியாமல் அலைவீர்கள். பொருத்தமான தட்டை முனையைச் செருகி அளப்பதே முறை. சென்சாரில் 323 இருந்து கனெக்டரில் 450 வந்தால், இடையில் எங்கோ துரு 127 ஓம் தின்கிறது. அதுவே ஒரு ரெசிஸ்டர் போட்டதற்குச் சமம்.

இப்போது வேண்டுமென்றே போடும் ரெசிஸ்டர். தொடராக 270 ஓம் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். 0 டிகிரியில் 5,900 இப்போது 6,170 ஆகும். பெட்டிக்கு அது மைனஸ் 1 டிகிரி போலத் தெரியும். 20 டிகிரியில் 2,770, அதாவது 17.5 டிகிரி போல. ஆனால் 80 டிகிரியில் 593. பெட்டி எஞ்சின் இன்னும் 60 டிகிரியில் இருப்பதாக நினைக்கும். 100 டிகிரியில் 457, ஏறக்குறைய 68 டிகிரி. குளிரில் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள், சூட்டில் இருபது முப்பது டிகிரி. எனவே தொடர் ரெசிஸ்டர் என்பது சூடான எஞ்சினுக்கு மட்டுமான வைத்தியம். அதுவும் ஐட்லிங், ஓட்டம், முழு த்ராட்டில் மூன்றையும் சேர்த்தே தூக்கும். போர்ஷே 914-இன் 2.0 லிட்டர் எஞ்சின்கள் சிலவற்றில் ஹெட் சென்சாரோடு தொழிற்சாலையே இப்படி 270 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து அனுப்பியது.

இணையாகப் போட்டால் நேர் எதிர். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சென்சாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே போட்டால் 0 டிகிரியில் 5,900 குறைந்து 3,710 ஆகும், அது 10 டிகிரி போல. 20-இல் 2,000, அதாவது 25 டிகிரிக்குச் சற்று மேல். 80 டிகிரியில் 313. மாற்றம் ஒரு டிகிரிதான். குளிரில் ஸ்டார்ட் ஆன பிறகு கறுப்புப் புகை தள்ளி, சூடானதும் சரியாக ஓடும் எஞ்சினுக்கு இதுதான் பொருந்தும். ஆனால் அதற்கு முன், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் கோல்ட் ஸ்டார்ட் வால்வைக் கழற்றிப் பாருங்கள். பம்ப்பை ஓடவிட்டு, அதன் வாயைத் துடைத்து, ஒரு நிமிடம் பொறுங்கள். சொட்டு விழுந்தால் குற்றவாளி அதுதான். வளைவை மாற்றிப் பயனில்லை. அந்த வால்வை இயக்கும் தெர்மோ டைம் ஸ்விட்ச் வேறு, இந்தச் சென்சார் வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். ரெசிஸ்டர் போட்டதால் ஸ்டார்ட்டரோடு வரும் பீய்ச்சல் மாறாது.

சரியான ரெசிஸ்டரைக் கண்டுபிடிக்க 500 ஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டரைத் தற்காலிகமாகத் தொடரில் போடுங்கள். எஞ்சின் முழுதாகச் சூடாகி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, சமவேக ஓட்டத்தில் லாம்டா இலக்கை எட்டும்வரை திருப்புங்கள். அளவை மல்டிமீட்டரில் படித்து, அதற்கு அருகிலுள்ள கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். பொட்டென்ஷியோமீட்டரையே நிரந்தரமாக டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடுவது பலருக்கும் பிடித்த பழக்கம். எனக்கு அது ஒப்பாது. அதிர்வில் உள்ளிருக்கும் தேய்ப்பான் ஒரு கணம் தூக்கிக்கொண்டால் சர்க்யூட் திறந்துவிடும். பெட்டிக்கு அது மைனஸ் 40 டிகிரியை விடக் குளிர். பிளக் நனையும், பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும். ரெசிஸ்டருக்காக ஒரிஜினல் வயரிங்கை வெட்டவும் வேண்டாம். அதே வகை ஆண், பெண் கனெக்டர்களை வைத்து ஒரு விரல் நீள இணைப்பை உருவாக்கி இடையில் செருகினால் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிவிடலாம்.

200 ஓமுக்கு மேல் தேவைப்பட்டால் நான் சந்தேகப்படத் தொடங்குவேன். 300-ஐத் தாண்டினால் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டம் அளக்க அனுப்புவதே சரி.

காற்று வெப்பச் சென்சார்

இதில் கிடைக்கும் பலன் சிறிது. காற்றின் அடர்த்தி 10 டிகிரிக்குச் சுமார் 3.4 சதவீதம் மாறும். டி-ஜெட்ரானிக் பெட்டி அந்த அளவில்தான் திருத்தும். மடல் வகையில் அளவீடே அடர்த்தியின் வர்க்கமூலத்தைச் சார்ந்ததால் திருத்தம் பாதிதான். டி-ஜெட்ரானிக்கின் காற்றுச் சென்சார் 20 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம். தண்ணீர் சென்சாரின் 2,500-ஐ இதோடு குழப்பி, நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. எல்-ஜெட்ரானிக்கில் இது ஏர்ஃப்ளோ மீட்டருக்குள்ளேயே இருக்கும். இதில் கை வைக்காமல் விடுவதே உத்தமம்.

ஏர்ஃப்ளோ மீட்டர்

எல்-ஜெட்ரானிக்கின் இதயம் இது. காற்று ஒரு மடலைத் தள்ளும். கடிகார ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். மடலோடு சேர்ந்து சுழலும் கை, செராமிக் பலகையில் படிந்த கார்பன் தடத்தின்மேல் உரசி வோல்டேஜ் தரும். சில பெட்டிகளில் காற்று கூடும்போது வோல்டேஜ் ஏறும், சிலவற்றில் இறங்கும். முதலில் உங்களுடையது எந்த வகை என்று மடலை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் மூடி சிலிக்கான் பசையால் ஒட்டியிருக்கும். மெல்லிய கத்தியை விளிம்பில் சுற்றிலும் ஓட்டி, பிறகு மெல்ல நெம்புங்கள். நெம்பும் கருவி உள்ளே ஆழமாகப் போனால் தடத்தையோ கையையோ கீறிவிடும். திறந்ததும் தெரிவது: பல்சக்கரம், அதைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப், எதிர் எடை, தேய்ப்பான், பலகை.

எதையும் தொடும் முன் மடல் கடைசிவரை உரசாமல் போய்த் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இன்டேக் பக்கம் பேக்ஃபயர் ஆன வண்டிகளில் மடல் வளைந்து சுவரில் ஒட்டும். பிறகு மல்டிமீட்டரை இணைத்து மடலை மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் சீராக மாற வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால் தடம் தேய்ந்துவிட்டது. ஊசி மீட்டரோ ஆசிலாஸ்கோப்போ இருந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தேய்வு வருவது பெரும்பாலும் ஐட்லிங்குக்கும் சமவேக ஓட்டத்துக்கும் உரிய இடங்களில்தான், கை அங்கேயே வருஷக்கணக்கில் உரசியிருக்கும். பலகையின் திருகுகளைத் தளர்த்தி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை நகர்த்தினால் தேய்ப்பான் புதுத் தடத்தில் அமரும். மறுபடி இறுக்கிய பிறகு மடல் மூடிய நிலையிலும் முழுதும் திறந்த நிலையிலும் பழைய வோல்டேஜ் அப்படியே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். தடத்தை உப்புத்தாளால் தேய்ப்பது, பென்சில் கிறுக்குவது, கடுமையான காண்டாக்ட் கிளீனர் அடிப்பது எதுவும் வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணி போதும்.

ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் சக்கரத்தின் பல்லையும் அதற்கு நேரே உள்ள உடலையும் பெயின்ட் பேனாவால் குறியுங்கள். கிளிப்பைத் தூக்கும்போது சக்கரத்தை இன்னொரு கையால் பிடித்திருக்க வேண்டும். விட்டால் ஸ்பிரிங் சட்டென்று சுருள் பிரிந்து எத்தனை பல் போனது என்றே தெரியாமல் ஆகிவிடும். இறுக்கம் குறையும் திசையில் ஒரு பல், அதிகம் போனால் இரண்டு. ஓட்டிப் பார்த்து, லாம்டா படித்து, அடுத்த பல். இறுக்கம் குறைந்தால் அதே காற்றுக்கு மடல் அதிகமாகத் திறக்கும், பெட்டி காற்று கூடிவிட்டதாக நினைக்கும், ரிச் ஆகும்.

இந்த மாற்றத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கின் இழுப்பு, முன்னிறுக்கமும் மடலின் கோணமும் சேர்ந்தது. நாம் மாற்றுவது முன்னிறுக்கத்தை மட்டும். கோணம் சிறிதாக இருக்கும்போது மொத்த இழுப்பில் அதன் பங்கு பெரிது. மடல் விரியத் திறந்தால் பங்கு சுருங்கிவிடும். எனவே இந்த வழி ஐட்லிங்கையும் மெதுவான ஓட்டத்தையும் அதிகமாக ரிச் ஆக்கும், முழு த்ராட்டிலைக் கொஞ்சமாகத்தான் தொடும். முழு த்ராட்டிலில் லீன் என்பதற்காகப் பல் பல்லாகத் தளர்த்துவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. முழு த்ராட்டிலில் மட்டும் லீன் என்றால் பாருங்கள், த்ராட்டில் ஸ்விட்சின் ஃபுல் லோட் காண்டாக்ட் மூடவே இல்லாமல் இருக்கலாம். மிதியை முழுதும் அழுத்தி ஓம் அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேபிள் தளர்ந்து த்ராட்டில் கடைசிவரை திறக்காத வண்டிகளும் நிறைய.

ஸ்பிரிங் தளர்த்தியபின் ஐட்லிங் மட்டும் அதிகம் ரிச் ஆனால் பைபாஸ் திருகு அதற்காகவே இருக்கிறது. மீட்டரின் உடலில் ஒரு அடைப்பானுக்குக் கீழே ஆலன் கீ போடும் திருகு. அதை உள்ளே திருகினால் மடலைச் சுற்றிப் போகும் காற்று குறையும், ஐட்லிங் ரிச் ஆகும். வெளியே திருகினால் லீன். வேகம் ஏற ஏற இதன் செல்வாக்கு கரைந்துவிடும்.

பல மீட்டர்களுக்குள் பெட்ரோல் பம்ப்பின் காண்டாக்ட் ஒன்றும் இருக்கும். மடல் மூடினால் பம்ப் நிற்கும். விபத்தில் எஞ்சின் நின்றபின் பெட்ரோல் பாயாமல் தடுப்பது இதுதான். பம்ப் சில நேரம் வேலை செய்யவில்லை என்று இதை ஷார்ட் செய்து ஓட்டுபவர்கள் தீயோடு விளையாடுகிறார்கள். காண்டாக்ட் கெட்டுவிட்டால், இக்னிஷன் பல்ஸ் நின்றதும் பம்ப்பை நிறுத்தும் ரிலே ஒன்றைப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் மூடியை மீண்டும் சிலிக்கானால் ஒட்டுங்கள். சிலிக்கான் அசிட்டிக் நெடி அடிக்காத, சென்சாருக்குப் பாதுகாப்பான வகையாக இருக்கட்டும். அசிட்டிக் ஆவி செப்பையும் அரிக்கும்.

மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார்

டி-ஜெட்ரானிக்கின் இந்தச் சென்சாரைத் திறப்பது கடைசிப் படி. உள்ளே காற்று நீக்கிய உலோக அனிராய்டு பெட்டிகள், அவற்றோடு இணைந்த இரும்புத் தண்டு, அதைச் சுற்றி இரண்டு காயில்கள். மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறினால் அனிராய்டு சுருங்கும், தண்டு காயிலுக்குள் நகரும், இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல் அளவு) கூடும், இன்ஜெக்டர் அதிக நேரம் திறந்திருக்கும்.

முதல் சோதனை வேக்கம். கைப் பம்ப்பால் 400 மில்லிமீட்டர் பாதரச அளவு இழுத்துப் பிடியுங்கள். சில நிமிடங்களுக்கு ஊசி அசையக் கூடாது. ஃபுல் லோட் டயாஃப்ரம் உள்ள வகைகளில் அந்த மெல்லிய செப்புக் கலவைத் தகடு காலப்போக்கில் விரிசல் விடும். வேக்கம் நிற்காது, எஞ்சின் எல்லா இடத்திலும் பயங்கர ரிச்சாக ஓடும். அப்படியானால் திருகைத் திருப்பிப் பயனே இல்லை, டயாஃப்ரம் மாற்ற வேண்டும். அடுத்தது ஓம்: பிரைமரி காயில் சுமார் 90, செகண்டரி சுமார் 350, ஒன்றுக்கொன்றும், உடலோடும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

பிறகு இண்டக்டன்ஸ் மீட்டரை பிரைமரி காயிலில் இணைத்து 0, 100, 200, 300, 400 மில்லிமீட்டர் வேக்கத்தில் வரும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரின் அலைவெண் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், வேறொருவரின் அட்டவணையோடு ஒப்பிடுவது வீண். உங்கள் மீட்டரில் முன், பின் ஒப்பீடுதான் பயன்.

முனையில் உள்ள எபாக்சி அடைப்பைச் சால்டரிங் அயர்னால் இளக்கிச் சுரண்டி எடுங்கள். சென்சாரைத் தலைகீழாகப் பிடித்தபடி சுரண்டினால் துகள் உள்ளே விழாது. தெரியும் திருகுகளின் ஆரம்ப நிலையைக் குறித்து, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாதீர்கள். எந்தத் திருகு எதை மாற்றுகிறது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அதை மீட்டரே சொல்லிவிடும்: எல்லா வேக்கத்திலும் எண் சேர்ந்து நகர்ந்தால் அது பொது மிக்ஸ்சர் திருகு, வேக்கம் 0-க்கு அருகில் மட்டும் நகர்ந்தால் அது ஃபுல் லோட் திருகு. முழு த்ராட்டிலை மட்டும் தனியாக ரிச் ஆக்க டி-ஜெட்ரானிக்கில் உள்ள நல்ல வழி இந்த இரண்டாவதுதான். டயாஃப்ரம் வகையில் ஒரு பக்கம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருந்தாக வேண்டும். மறுபடி அடைக்கும்போது மூச்சுத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டால் உயரம் மாறும்போது முழு லோட் கணக்கு தவறும். டயாஃப்ரம் இல்லாத பழைய வகையில் நேர் எதிர்: முழு உடலும் மேனிஃபோல்ட் அழுத்தத்தில் இருப்பதால் அடைப்பு காற்றுப் புகாததாக இருக்க வேண்டும்.

சென்சாருக்கு வரும் ஹோஸை வேறெதற்கும் பங்கு போடாதீர்கள். உள்விட்டம் மாறக் கூடாது, மேனிஃபோல்டை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் ஹோஸில் தேங்கி ஆக்சிலரேஷன் மந்தமாகும்.

கேம்ஷாஃப்ட் மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ்கள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேமில் ஐட்லிங் வேக்கம் வெகுவாகக் குறையும். டி-ஜெட்ரானிக் அதை லோட் என்று படித்து பெட்ரோலைக் கொட்டும். பிந்தைய பெட்டிகளின் பக்கத்தில் உள்ள ஐட்லிங் மிக்ஸ்சர் குமிழ் த்ராட்டில் மூடியிருக்கும்போது மட்டும் ஓரளவு சமாளிக்கும். த்ராட்டிலைத் தொட்ட அடுத்த கணமே ரிச்சாகித் திணறும். எந்தத் திருகும் இதைத் தீர்க்காது. எல்-ஜெட்ரானிக் காற்றை நேரடியாக அளப்பதால் கேம், சிலிண்டர் அளவு மாற்றங்களை மடல் முழுதும் திறக்கும்வரை பெருமளவு தானே ஏற்றுக்கொள்ளும். ஐட்லிங்கில் காற்று துடித்து மடல் ஆடுவதுதான் அங்கே வரும் தலைவலி.

த்ராட்டில் ஸ்விட்சும் ட்ரிகர் காண்டாக்டும்

டி-ஜெட்ரானிக் வண்டி ஒரே வேகத்தில் போகும்போது குதித்துக் குதித்து ஓடினால் மிக்ஸ்சரைக் குறை சொல்லாதீர்கள். த்ராட்டில் ஸ்விட்சுக்குள் சீப்பு போன்ற தடம் உண்டு. மிதியை அழுத்தும்போது அதன்மேல் கை நகர்ந்து கூடுதல் பல்ஸ்களைப் பெட்டிக்கு அனுப்பும். அடிக்கடி நிற்கும் இடத்தில் தடம் தேய்ந்தால் மிதி அசையாமலே பல்ஸ் போகும். ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கி ஓட்டிப் பாருங்கள். குதிப்பு நின்றால் பலகையை மாற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள ட்ரிகர் காண்டாக்டுகள் இக்னிஷன் பாயின்ட் அல்ல, இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்பவை. மிகச் சிறிய மின்னோட்டம்தான் அவற்றின் வழியே போகும், எனவே தீப்பொறியால் கரி எரிந்து சுத்தமாவது நடக்காது. ஆயில் படலம் படிந்தாலே ஒரு ஜோடி இன்ஜெக்டர் விட்டுவிட்டு வேலை செய்யும். அரம் போடக் கூடாது. ஆல்கஹாலில் நனைத்த கெட்டி அட்டைத் துண்டை இடையில் இழுத்தால் போதும். உரசும் ஃபைபர் துண்டுக்கு மிக மெல்லிய கிரீஸ் மட்டும்.

எல்லாம் முடிந்ததும் போட்ட ரெசிஸ்டரின் ஓம், எரிபொருள் அழுத்தம், ஏர்ஃப்ளோ மீட்டரில் ஒரிஜினல் குறியிலிருந்து எத்தனை பல், பிரஷர் சென்சாரின் முன், பின் இண்டக்டன்ஸ் அளவுகள் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். குளிர் மாதம் ஒன்றும் வெயில் மாதம் ஒன்றும் கடந்த பிறகு அதே ஆறு கட்டங்களையும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். குளிர் வரிசை அப்போதுதான் உண்மையாகத் தெரியும்.